கவர்னர் பூட்டிய இரண்டு லோரிகள்

லோரியின் வேகத்தைக் கட்டிப் போட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்கிறார்கள். ஆகும். ரோடு தட்டையாக இருந்தால் ஆகும். மேடும் பள்ளமுமாக இருந்தால் ஆகாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தெரிந்துகொண்ட விதமும் நல்ல விதம் இல்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த அவசரகாலம் அது. எங்கள் தோட்டம் புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே இருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு பிடி அரிசி கூட இருந்தால் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்பார்கள். காட்டுக்காரர்கள் என்றால் துப்பாக்கியோடு காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்களை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேலியைத்தான் தினம் பார்த்தேன்.

தோட்டத்தில் இரண்டு லோரிகள். இரண்டும் ஜப்பான் சண்டை முடிந்து பட்டாளம் விற்றுவிட்டுப் போனவை. ஒன்று நான் ஓட்டியது. பாலை உறையவைத்து ஷீட் போடும் ஸ்டோரிலிருந்து ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணி ரயில் ஸ்டேஷனுக்குப் போவது. தார் ரோடு, தட்டை ரோடு. இன்னொன்று பால் லோரி. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மேல் டிவிஷனில் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டி எடுத்த பாலைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு ஸ்டோருக்கு வருவது. அது செம்மண் ரோடு. வரும் வழியில் நான்கு மேடு. பால் லோரியை ஓட்டியவரை நான் அண்ணன் என்பேன். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஒண்டிக்கட்டை. அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் மனைவியை அண்ணி என்பேன். இரண்டு பிள்ளைகள்.

அந்த நான்கு மேட்டையும் அண்ணன் ஏற்றும் விதத்தைப் பார்க்க வேண்டும். இறக்கத்திலேயே மிதியை அழுத்திவிடுவார். லோரி ஓட்டமாக வந்து மேட்டின் அடியை முட்டும். அந்த ஓட்டத்திலேயே பாதி மேடு ஏறிவிடும். பிறகு மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். உச்சியில் ஒரே ஒருமுறை கியரை மாற்றுவார். இன்ஜின் கத்தாது. பெட்ரோல் குறைவாகத்தான் குடிக்கும்.

வேகத்தைக் கட்டிப்போடும் கவர்னர் என்ற சாமான் வந்தது தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் தொரையின் யோசனை. பெட்ரோல் கூப்பனில் கிடைத்த காலம். டயர் சுலபத்தில் கிடைக்காது. டவுனிலிருந்து மெக்கானிக் வந்து கார்புரேட்டருக்கு அடியில் ஒரு சாமானைப் பூட்டினான். இன்ஜின் ஒரு அளவுக்கு மேல் சுற்ற வந்தால் அது உள்ளே அடைத்துக்கொள்ளும். மிதியைத் தரைவரை அழுத்தினாலும் மேலே போகாது. அதில் ஒரு கம்பி கட்டி ஈயமுத்திரை குத்தினான். முத்திரை உடைந்தால் வேலை போய்விடும்.

தொரை எங்கள் இருவரையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் பேசுவது தோட்டத்துத் தமிழ்தான், கொஞ்சம் உடைந்த தமிழ்.

"இனிமே ரெண்டு லோரியும் மெதுவா போவும். பெட்ரோல் கம்மியா திங்கும். வெளங்குதா?"

"மேட்டுல எப்பிடிங்க தொரை?" என்றார் அண்ணன்.

"மேட்டுல மெதுவா ஏறு. நீ லோரி ஓட்டுறியா, ஏரோப்ளேன் ஓட்டுறியா?"

பக்கத்தில் நின்ற பெரிய கிராணி சிரித்தார். ஆபீஸ் புத்தகம் எல்லாம் எழுதுவது அவர்தான். தொரை சிரித்த பிறகுதான் அவர் சிரிப்பார். அன்றைக்கு முன்னாலேயே சிரித்துவிட்டார்.

என் லோரியில் தொரை சொன்னது நடந்தது. அதை மறைக்கக் கூடாது. முன்பெல்லாம் நான் காட்டுக்காரர் பயத்தில் பறப்பேன். இப்போது முப்பது மைலில் ஒரே சீராகப் போனேன். நாங்கள் டாங்கியில் பெட்ரோலை அளப்பது ஒரு ரப்பர் குச்சியால். கத்தியால் கோடு போட்டு வைத்திருப்போம். வாரக் கடைசியில் குச்சியை விட்டுப் பார்த்தால் நான்கு விரல்கடை மிச்சம் நின்றது. எனக்கே ஆச்சரியம்.

அண்ணன் லோரியில் தலைகீழ். இறக்கத்தில் வேகம் எடுக்க முடியவில்லை. மேட்டின் அடிக்கு வரும்போதே லோரி சோர்ந்து வரும். உடனே இரண்டாம் கியர். அந்தக் கியரில் கொஞ்சம் வேகம் எடுத்தால்தானே மூன்றாவதுக்கு மாற்றலாம். எடுக்கும் நேரத்தில் கவர்னர் அடைத்துவிடும். மாற்றிப் பார்த்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். ஆகவே அடியிலிருந்து உச்சி வரைக்கும் இரண்டாம் கியர்தான். நான்கு மேடும் அப்படித்தான். இன்ஜின் கத்திக்கொண்டே ஏறும். மைல் கொஞ்சமாக நகரும். பெட்ரோல் நிறைய இறங்கும். பால் வேறு நேரமாகிக் கட்டிப்போகப் பார்க்கும். கியரைப் போடாமல் இறக்கத்தில் உருட்டிவிடலாம்தான். ஆனால் பின்னால் தொட்டியில் பால் ஆடும். பிரேக்கும் பழைய பிரேக். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்.

இதற்குள் தொரை இரண்டு லோரிக்கும் பெட்ரோல் அளவைக் குறைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை பீப்பாயிலிருந்து அடித்து ஊற்றுவார்கள். கிராணி நிற்பார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவன் துப்பாக்கியோடு நிற்பான். அடுத்த திங்கள்தான் மறுபடியும். அண்ணன் லோரிக்கு வெள்ளிக்கிழமையே காய்ந்துவிடும்.

அவர் கிராணியிடம் போய்ச் சொன்னார். நானும் கூட நின்றேன்.

"ஐயா, பால் லோரிக்குப் பத்தலீங்க."

"தம்பி லோரிக்கு மிச்சம், ஒன் லோரிக்கு மட்டும் பத்தலியா? ரெண்டுலயும் ஒரே சாமான்தானே பூட்டியிருக்கு?"

"ரோடு வேறங்க ஐயா."

"ரோட்டுக்கு எம் புத்தகத்துல எடம் இல்ல லா. ரெண்டு லோரியும் ஒண்ணாப் போவணும். ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்குனா தொரை என்னைத்தான் கேப்பாரு. எப்பவும் போல நீங்களே பாத்துக்கிட்டா எனக்குச் சுசா இல்ல, தொல்லை இல்ல."

எப்பவும் போல என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எந்தத் தோட்டத்திலும் டிரைவர்களிடம் இருந்த பழக்கம்தான். ஒரு லோரிக்கு மிச்சம் ஆனால் அடுத்த லோரிக்குக் கொடுத்துவிடுவது. ரப்பர் குழாயை டாங்கியில் விட்டு, வாயால் இழுத்து, அடுத்த டாங்கியில் விட்டுவிடுவோம். ஸ்டோர் வாசலிலேயே எல்லோரும் பார்க்கச் செய்வோம். வாரக் கடைசியில் இரண்டும் சமமாக நிற்கும். கிராணிக்கு நிம்மதி. எங்களுக்கும் பேச்சுக் கேட்க வேண்டாம்.

அவசரகாலத்தில் அது முடியாமல் போயிற்று. ஸ்டோர் வாசலில் கான்ஸ்டபிள். கிராணி இல்லாமல் டாங்கி மூடியைத் தொடக் கூடாது என்று நோட்டீஸ். கேட் வழியாக ஒரு டின் தண்ணீர் கொண்டுபோனால்கூட மோந்து பார்ப்பார்கள். அதனால் வேறு இடம் பார்த்தோம். மலை ரோடு தார் ரோட்டில் வந்து சேரும் இடத்தில், ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக ஒரு சிமெண்டுக் குழாய் உண்டு. காலையில் நான் டவுனுக்குப் போகும்போது அங்கே நிறுத்தி அரை டின் பெட்ரோலை இறக்கிக் குழாய்க்குள் வைத்துவிடுவேன். பால் ஏற்றிக்கொண்டு வரும்போது அண்ணன் எடுத்து ஊற்றிக்கொள்வார். டின்னை மறுநாள் நான் எடுத்துக்கொள்வேன்.

தப்பான இடம். இப்போது யாரும் சொல்லிவிடலாம். காட்டோரம், குழாய்க்குள், மூடி போட்ட பெட்ரோல் டின். நாங்கள் அப்படி யோசிக்கவில்லை. மலையில் லோரி நின்றுவிடக் கூடாது. அதை மட்டும்தான் யோசித்தோம். பக்கத்துத் தோட்டத்து லோரி ஒன்று மேட்டில் நின்றபோது காட்டுக்காரர்கள் வந்து கொளுத்திவிட்டார்கள். டிரைவரை விட்டுவிட்டார்கள். பிறகு அவனைப் போலீஸ் விடவில்லை, உன்னை ஏன் விட்டார்கள் என்று கேட்டு. காவல் என்பது தொரையின் காருக்குத்தான் போகும். பால் லோரிக்குக் கிடையாது.

மூன்று மாதம் இப்படி ஓடியது. கிராணி புத்தகத்தில் இரண்டு லோரியும் குறைந்த பெட்ரோலில், ஒன்றுபோல் ஓடின. தொரைக்குச் சந்தோஷம். கவர்னரால் நல்ல மிச்சம் என்று பினாங்கு ஆபீசுக்குக் கடிதம் எழுதினாராம். கிராணியே வந்து எங்களிடம் சொன்னார், ஏதோ எங்களுக்குப் பரிசு வந்ததுபோல். புத்தகத்தில் கவர்னர் ஜெயித்துவிட்டது. ஜெயிக்க வைத்தது நாங்கள். பால் லோரி ஒருமுறை மேட்டில் நின்றிருந்தால், குறைந்தது ஒருநாளாவது தொரை வந்து பார்த்திருப்பார். அந்த ஒருநாளையும் நாங்களே இல்லாமல் செய்துவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை. நான் டவுனிலிருந்து திரும்பும்போது மத்தியானம். பால் லோரி அந்த முக்கில் நிற்கிறது. கதவு திறந்து கிடக்கிறது. ஆள் இல்லை. தொட்டியில் பால் கட்டிப்போய் நாற ஆரம்பித்திருந்தது. பட்டாளத்துக்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். என் டின் ரோட்டில் இருந்தது. கான்ஸ்டபிள் ஒருவன் துப்பாக்கியை ஆட்டி, "ஜாலான், ஜாலான்" என்றான். நிற்காமல் போ என்கிறான். நான் போனேன். அன்றைக்கு நான் நிறுத்தியிருக்க வேண்டும். போய்விட்டேன்.

பிறகு கேள்விப்பட்டேன். காலையிலேயே டின்னைப் பார்த்துவிட்டார்களாம். எடுக்க யார் வருகிறான் என்று ரப்பர் மரத்துக்குப் பின்னால் படுத்திருந்தார்களாம். அண்ணன் வந்து குனிந்தபோது பிடித்தார்கள். யாருக்கு வைத்தாய் என்று கேட்டதற்கு, என் லோரிக்கு என்று சொல்லியிருக்கிறார். ஒருவன் சிரித்தானாம்.

ஷீட் லோரியை நிறுத்திவிட்டு நேராக ஆபீசுக்குப் போனேன். தொரையும் கிராணியும் இருந்தார்கள்.

"தொரை, அந்த டின் என்னோடது. நாந்தான் வச்சேன்."

"ஒனக்குப் பெட்ரோல் ஏது?"

"என் லோரியில மிச்சம் ஆவுதுங்க. பால் லோரிக்குப் பத்தல. மேட்டுல கவர்னர் அதிகமா குடிக்க வைக்குதுங்க."

தொரை கிராணியைப் பார்த்தார். கிராணி புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். மூன்று மாதம். இரண்டு வரிசை. ஒரே அளவு.

"மிச்சமும் இல்ல, கொறச்சலும் இல்ல," என்றார் கிராணி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஐயா, நீங்கதானே நீங்களே பாத்துக்கங்கன்னு சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்? லோரியப் பாத்துக்கச் சொன்னேன்."

தொரை எழுந்தார். "சரி. பால் லோரியை ஓட்டிக் காட்டு. நான் பாக்குறேன்."

அளந்து பெட்ரோல் ஊற்றினார்கள். ஆனால் மத்தியானம் தாண்டிவிட்டது. மேல் டிவிஷனில் பால் முடிந்துவிட்டது. கட்டிப்போன பாலையும் தொட்டியிலிருந்து வழித்துப் போட்டிருந்தார்கள். காலி லோரி.

"காலியா ஓட்டுனா தெரியாதுங்க தொரை. நாளைக்குப் பால் ஏத்திப் பாருங்க."

"பெட்ரோல் பெட்ரோல்தான். ஓட்டு."

ஓட்டினேன். காலி லோரி நான்கு மேட்டையும் மூன்றாம் கியரில் ஏறியது. அதை நான் வேண்டுமென்று திணற வைத்திருக்கலாம். கை வரவில்லை. பத்து வருசமாக லோரியை ஒழுங்காக ஓட்டிப் பழகிய கை. திரும்பி வந்து குச்சியை விட்டுப் பார்த்தார்கள். பெட்ரோல் மிச்சம் இருந்தது.

"நீ பொய் பேசுறே," என்றார் தொரை. "அவன் ஒன் கூட்டாளி. அதனால பேசுறே. வீட்டுக்குப் போ."

மறுநாள் சுங்கைப்பட்டாணி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அதையே சொன்னேன். அண்ணனைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தினார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. இவன் சொல்வது உண்மையா என்று கேட்டார்கள்.

"தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எம்மேல இருக்குற பாசத்துல பேசுறான்," என்றார்.

வெளியே கொண்டுபோகும்போது என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "நீயும் உள்ள வந்துட்டா வெளிய யாருடா எடுத்துச் சொல்றது? மேட்டக் காட்டு. பாலோட காட்டு."

அவ்வளவுதான் பேசினார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

பால் லோரியை என்னிடமே கொடுத்தார்கள். ஷீட் லோரிக்குப் புது ஆள். திங்கட்கிழமை அளந்து ஊற்றினார்கள். நான் யாரிடமும் ஒரு சொட்டு வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை, நிறைந்த தொட்டியோடு, மூன்றாவது மேட்டில் லோரி நின்றது. அதற்காகத்தான் ஐந்து நாள் காத்திருந்தேன். லோரியை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்தேன். காட்டுக்குள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பார்த்திருக்கலாம். யாரும் வரவில்லை.

தொரை காவலோடு காரில் வந்தார். குச்சியை டாங்கிக்குள் விட்டு எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காய்ந்த குச்சி. ஒரு டின் பெட்ரோல் ஊற்றிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மீதி இருந்த மேட்டை ஏறினேன். இரண்டாம் கியர். மிதி தரையில். இன்ஜின் கத்தியது. என்னை மூன்றாவதுக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். லோரி நின்று பின்னால் வழுக்கியது. பிரேக்கை மிதித்தேன். அவர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்டோர் வரும்வரை கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்தான். பால் லோரியின் கவர்னரைக் கழற்றிவிட்டான். ஷீட் லோரியில் விட்டுவிட்டான். பால் லோரிக்குப் பெட்ரோல் அளவும் பழையபடி ஆயிற்று.

நான் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

"தொரை, இப்ப தெரிஞ்சுபோச்சுங்க. போலீசுக்கு ஒரு வார்த்த எழுதிக் கொடுங்க."

"அது போலீஸ் வேலை."

"நீங்க கண்ணால பாத்தீங்க."

"நான் பினாங்குக்கு வேற மாதிரி எழுதியிருக்கேன். நீ லோரி ஓட்டு."

கிராணியிடம் போனேன். கைகூப்பித்தான் கேட்டேன். பால் லோரிக்குக் கூடப் பெட்ரோல் ஆகிறது என்று இரண்டு வரி எழுதித் தரச் சொன்னேன்.

"எழுதுனா, மூணு மாசம் எப்பிடிச் சரியா இருந்துச்சுன்னு கேப்பான். நான் என்னத்தச் சொல்றது? எனக்கும் குடும்பம் இருக்குல்ல."

ஞாயிற்றுக்கிழமை நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கவர்னர், மேடு, இரண்டாம் கியர் எல்லாம் சொன்னேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "தோட்டத்துல எழுதிக் கொடுத்த கடிதாசி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். அப்படியானால் போ என்றார். கோர்ட்டு என்று ஒன்று அந்த வழக்கில் இல்லவே இல்லை. சந்தேகம் இருந்தால் போதும். அண்ணனைத் தடுப்புக் கேம்பில் வைத்திருந்தார்கள். பிறகு இந்தியாவுக்கு அனுப்புவதாக ஆர்டர் வந்தது. அவரைக் கேம்பிலிருந்து நேராகக் கப்பலில் ஏற்றுவார்கள், குடும்பம் வேண்டுமானால் துறைமுகத்தில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

அண்ணி பிறந்தது எங்கள் லயத்தில், மூன்றாவது வீட்டில். இந்தியா எந்தப் பக்கம் என்று தெரியாது. போகிறேன் என்றுவிட்டார்.

அவர்களை ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட ஷீட் லோரியைக் கேட்டு வாங்கினேன். தார் ரோட்டுக்கு வேறு லோரியை விடமாட்டார்கள். அண்ணியும் பிள்ளைகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின்னால் ஷீட் கட்டுகள்மேல் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், சட்டிபானை மூட்டை. ரோட்டில் செக்கிங். மூட்டையை அவிழ்த்துச் சட்டி சட்டியாகப் பார்த்தார்கள். கப்பலேறப் போகிறவள் காட்டுக்கு என்ன கொடுக்கப் போகிறாள். அதில் நேரம் போய்விட்டது.

அண்ணி அதுவரைக்கும் என்னோடு பேசவில்லை. பல நாளாகவே பேசவில்லை. சோறு மட்டும் போடுவார்.

"ரயிலு போயிரும். கொஞ்சம் வெரசாப் போவக் கூடாதா தம்பி?"

"இதுக்கு மேல போவாதுங்க அண்ணி."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். மிதி தரையோடு கிடந்தது. லோரி முப்பதில் போய்க்கொண்டிருந்தது. ரோட்டில் எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"இதுக்குத்தானா?" என்றார்.



ரயில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினேன். டிரங்குப் பெட்டியை ஏற்றினேன். சட்டிபானை மூட்டையை அண்ணி வேண்டாம் என்றுவிட்டார். அங்கே கிடைக்காதா என்றார். ரயில் போன பிறகு ஷீட்டை இறக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டோம் என்று ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து. அண்ணன் சுகம் என்று இருந்தது. நான் பதில் எழுதினேன். மறு கடிதம் வரவில்லை. பால் லோரியை இன்னும் நான்கு வருசம் நான்தான் ஓட்டினேன்.